போரைப் புகழ மறுத்த போர்வீரர்: சீக்பிரிட் சசூன்

வேந்தர் இருவர் பகை கொண்டு நிற்கையில் இடையே புகுந்து போரைக் கைவிடச் சொன்ன புலவர் மரபு தமிழுக்கு உண்டு. உறையூரை முற்றுகையிட்ட நலங்கிள்ளிக்கும் உள்ளே அடைபட்டிருந்த நெடுங்கிள்ளிக்கும் நடுவே நின்று கோவூர் கிழார் பேசியதை நாம் அறிவோம். அதியமானுக்காக ஒளவையார் தொண்டைமானிடம் தூது சென்றதையும் அறிவோம். அவர்கள் படைக்கலம் ஏந்தாதவர்கள். சொல்லின் வலிமையை நம்பி அரசவைக்குள் சென்றவர்கள். படைக்கலமும் ஏந்தி, களத்தில் குருதியும் சிந்தி, வீரத்துக்கான பதக்கமும் பெற்று, அதன் பின்னர் அப்போரை நிறுத்துமாறு தம் அரசையே கேட்ட கவிஞர் ஒருவர் 20-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தார். அவர் பெயர் சீக்பிரிட் சசூன்.

ஆங்கிலக் கவிதையைக் கற்றோர் அவரை முதல் உலகப் போரின் கவிஞர்களுள் ஒருவராக அறிவர். ஆயினும் அவருடைய வாழ்க்கையைப் பற்றி நிலவும் எண்ணம் இரு கூறாகப் பிளந்தே கிடக்கிறது. அவர் அஞ்சா நெஞ்சினர் என்பார் ஒரு சாரார். போரை எதிர்த்த அறவோர் என்பார் மற்றொரு சாரார். எதிர்த்தவர் ஏன் மீண்டும் களத்துக்குச் சென்றார் என்ற வினாவுக்கு இவ்விரு சாராரிடமும் நிறைவான விடை இல்லை. நம் வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், சொல்லைத் தொழிலாகவும் தவமாகவும் கொண்ட அன்பர்கள் அவ்வினாவை எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும்.

பாக்தாதிலிருந்து கென்ட் வரை

சசூன் குடும்பத்தின் பெயர் இந்தியாவுக்குப் புதிதன்று. பாக்தாதைச் சேர்ந்த யூத வணிகரான டேவிட் சசூன் 1832-இல் பம்பாய்க்கு வந்து குடியேறினார். பஞ்சு, அபினி முதலியவற்றின் வணிகத்தால் அக்குடும்பம் பெருஞ்செல்வம் ஈட்டியது. பம்பாயின் கொலாபா பகுதியில் 1875-இல் கட்டப்பெற்ற சசூன் துறையும், நகரின் நடுவே நிற்கும் டேவிட் சசூன் நூலகமும் அக்குடும்பத்தின் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன. அந்த டேவிட் சசூனின் கொள்ளுப்பேரனே நம் கவிஞர்.

ஆயினும் அப்பெருஞ்செல்வம் அவருடைய தந்தையின் கைக்கு முழுமையாக வந்து சேரவில்லை. தந்தை ஆல்பிரட் சசூன், யூதரல்லாத தெரசா தார்னிகிராப்ட் என்னும் பெண்மணியை மணந்ததால் குடும்பத்தாரால் ஒதுக்கப்பட்டார். தெரசா ஓவியத்தில் தேர்ந்தவர். புகழ்பெற்ற சிற்பி ஹாமோ தார்னிகிராப்டின் உடன்பிறந்தவர். வாக்னரின் இசை நாடகங்களில் அவருக்கு இருந்த ஈடுபாட்டின் காரணமாகவே மகனுக்குச் சீக்பிரிட் என்னும் ஜெர்மானியப் பெயர் வாய்த்தது. பிற்காலத்தில் ஜெர்மானியரை எதிர்த்துப் போரிட நேர்ந்தவர் அவர்களுடைய காவியத் தலைவனின் பெயரைத் தாங்கியிருந்தது காலத்தின் விளையாட்டு எனலாம்.

1886-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் மேட்பீல்ட் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். சிறுவராயிருந்தபோதே தந்தை குடும்பத்தை விட்டுப் பிரிந்தார். 1895-இல் காசநோயால் இறந்தார். உடன்பிறந்தார் இருவரோடு தாயின் அரவணைப்பில் வளர்ந்த சசூன், கேம்பிரிட்ஜில் கிளேர் கல்லூரியில் சேர்ந்து பட்டம் பெறாமலே வெளியேறினார். குடும்ப வருவாய் ஓரளவுக்கு இருந்ததால் வேலை தேடவேண்டிய தேவை அவருக்கு ஏற்படவில்லை. குதிரையேற்றம், நரி வேட்டை, கிரிக்கெட், கவிதை என்று நாள்கள் கழிந்தன. தம் கவிதைகளைத் தம் செலவிலேயே சிறு நூல்களாக அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்துவந்தார். இயற்கையின் இனிமையையும் பழங்காலக் கனவுகளையும் பாடிய அக்கவிதைகளை இன்று எவரும் நினைப்பதில்லை. போர் வராதிருந்தால் அவர் நாட்டுப்புறச் செல்வர் ஒருவராகவே வாழ்ந்து மறைந்திருப்பார்.

களம் புகுதல்

1914 ஆகஸ்டு 4-ஆம் நாள் பிரித்தானியா ஜெர்மனியின் மீது போர் அறிவித்தபோது சசூன் ஏற்கெனவே சசெக்ஸ் குதிரைப்படையில் சேர்ந்திருந்தார். நாட்டுப்பற்று என்னும் உணர்ச்சி அவரை அன்று முழுமையாக ஆட்கொண்டிருந்தது. குதிரையிலிருந்து விழுந்து கை முறிந்ததால் களம் செல்வது தள்ளிப்போயிற்று. 1915-இல் ராயல் வெல்ஷ் பியூசிலியர்ஸ் என்னும் காலாட்படைப் பிரிவில் அதிகாரியாகப் பொறுப்பேற்று, அவ்வாண்டு நவம்பரில் பிரான்சு நாட்டுப் போர்முனையை அடைந்தார். அங்கேதான் இளங்கவிஞரும் அதிகாரியுமான இராபர்ட் கிரேவ்சைச் சந்தித்தார்.

சசூன் போர்முனையை அடைந்த அதே மாதத்தில், தம்பி ஹாமோ கலிப்பொலிப் போரில் காயமுற்று இறந்தார். அவர் உடல் கடலில் இடப்பட்டது. அடுத்த இழப்பு 1916 மார்ச்சு 18-இல் நேர்ந்தது. அவருடைய உற்ற நண்பரான டேவிட் தாமஸ் என்னும் இளம் அதிகாரி குண்டடிபட்டு மாண்டார். அதன் பின்னர் சசூனின் உள்ளத்தில் வஞ்சினம் மூண்டது. இரவுதோறும் முள்வேலிகளுக்கு அப்பால் தவழ்ந்து சென்று எதிரியைத் தேடி அலைந்தார். அச்சமே அறியாதவர் போல அவர் நடந்துகொண்டதைக் கண்ட உடன்வீரர்கள் கிறுக்கு ஜாக் என்று அவருக்குப் பெயர் சூட்டினர்.

துயரம் முதலில் அவரைப் பகைவர்பால் சினங்கொள்ளச் செய்தது. போரின்பால் சினங்கொள்ளச் செய்யவில்லை. அம்மாற்றம் பின்னரே வந்தது. மெல்ல வந்த மாற்றமாதலின் அது உறுதியாகவும் நின்றது.

பதக்கமும் அதற்குரிய செயலும்

1916 மே மாத இறுதியில் ஓரிரவு, எதிரியின் பதுங்குகுழிமீது சிறு படையொன்று நடத்திய தாக்குதல் தோல்வியில் முடிந்தது. இரு தரப்பு வேலிகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில் காயமுற்றவர்கள் கிடந்தனர். துப்பாக்கிக் குண்டுகளும் கையெறி குண்டுகளும் பொழிந்துகொண்டிருக்க, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் அந்த வெளியிலேயே இருந்து சசூன் அவர்களை மீட்டுக்கொண்டு வந்தார். இச்செயலுக்காகவே அவருக்கு மிலிட்டரி கிராஸ் பதக்கம் வழங்கப்பட்டது.

இதனை நாம் ஊன்றி நோக்கவேண்டும். அவர் பதக்கம் பெற்றது எதிரிகளைக் கொன்றதற்காக அன்று, தம்மவரைக் காத்ததற்காக. நம் இலக்கண நூலார் ஆநிரை கவர்தலை வெட்சி என்றும், கவர்ந்ததை மீட்டலைக் கரந்தை என்றும் வகுத்தனர். சசூனின் வீரத்தில் இரண்டு கூறும் இருந்தன. ஆயினும் அவருடைய வாழ்க்கை முழுவதையும் இயக்கிய வீரம் மீட்கும் வீரமே.

1916 ஜூலை 1-ஆம் நாள் சோம் ஆற்றுப் பெரும்போர் தொடங்கியது. அன்று ஒரே நாளில் பிரித்தானியப் படைக்கு ஏற்பட்ட இழப்பு ஏறத்தாழ 57,000 பேர். அவர்களுள் 19,000-க்கும் மேற்பட்டோர் உயிர் நீத்தனர். பின்வரிசையில் நிறுத்தப்பட்டிருந்த சசூன் அக்காட்சியைத் தொலைவிலிருந்து கண்டார். சில நாள் கழித்து மாமெட்ஸ் காட்டருகே எதிரியின் குழியொன்றைத் தாம் ஒருவராகவே கையெறி குண்டுகளோடு சென்று கைப்பற்றினார். பின்துணை வந்து சேர ஏற்பாடு இல்லாமையால் அவ்வெற்றி பயனின்றிப் போயிற்று. கைப்பற்றிய குழியில் அமர்ந்து அவர் கவிதை நூலொன்றைப் படித்துக்கொண்டிருந்தார் என்று கிரேவ்ஸ் எழுதியுள்ளார்.

காய்ச்சலால் தாய்நாடு அனுப்பப்பட்டு, மீண்டும் களம் சென்ற சசூன், 1917 ஏப்ரலில் அராஸ் போரின்போது தோளில் குண்டு பாய்ந்து மறுபடியும் இலண்டன் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்.

கவிதையின் மாற்றம்

இக்காலத்துக்குள் அவருடைய கவிதை முற்றிலும் மாறிவிட்டிருந்தது. கனவும் அணியும் கழன்றன. சேறு, எலி, அழுகும் உடல், அழும் இளைஞன், முட்டாள்தனமான கட்டளை ஆகியவை கவிதைக்குள் வந்தன. வீரர்கள் பேசும் அன்றாடப் பேச்சு யாப்புக்குள் புகுந்தது. வெண்பாவின் ஈற்றடியில் கருத்து முழுவதும் வந்து இறங்குவது போல, அவருடைய குறுங்கவிதைகளின் முழுச் சுமையும் இறுதி அடியில் இறங்கும். அந்த இடத்தில்தான் கொடுக்கும் இருக்கும்.

மகன் வீரமரணம் எய்தினான் என்று தாயிடம் இனிமையாகப் பொய் சொல்லிவிட்டுத் திரும்பும் அதிகாரியை ஒரு கவிதையில் காட்டுகிறார். அந்த மகன் நடுநடுங்கி, வீடு திரும்ப வழி தேடி, சிதறி மாண்டவன் என்பதை அதிகாரி அறிவார், தாய் அறியாள். படிப்பவர் இருவருக்கும் நடுவே நிறுத்தப்படுகிறார். பொய் சொன்னவரைப் பழிக்கவும் முடியவில்லை. உண்மையை மறக்கவும் முடியவில்லை. மற்றொரு கவிதையில், சிரித்த முகத்தோடு வீரர்களுக்கு வணக்கம் கூறும் தளபதி ஒருவர் வருகிறார். அவரை நல்லவர் என்று புகழ்ந்த வீரர்கள் அவர் வகுத்த திட்டத்தாலேயே மடிகின்றனர். இத்தகைய கவிதைகள் அடங்கிய முதல் தொகுதி 1917 மே மாதத்திலும், அடுத்த தொகுதி 1918-லும் வெளிவந்தன. போர் நடந்துகொண்டிருந்தபோதே, படை உடையில் இருந்துகொண்டே இவற்றை அவர் வெளியிட்டார் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

அறிக்கை

காயம் ஆறிவந்த நாள்களில் இலண்டனின் விருந்துக் கூடங்களிலும் செய்தித்தாள்களிலும் போரைப் பற்றிப் பேசப்பட்ட பேச்சு அவரை வருத்தியது. களத்தில் இருப்பவர்கள் படுவது இன்னதென்று அறியாதவர்கள் வெற்றியைப் பற்றி முழங்கினர். மெய்யியலறிஞர் பெர்ட்ரண்டு ரசல், இதழாசிரியர் மிடில்டன் மர்ரி, ஆட்டொலைன் மாரல் அம்மையார் முதலிய போர் எதிர்ப்பாளர்களோடு பழகிய பின், 1917 ஜூலையில் தம் படைத்தலைவருக்கு ஓர் அறிக்கையை அனுப்பினார்.

தற்காப்புக்காகவும் விடுதலைக்காகவும் தொடங்கப்பட்டதாகத் தாம் நம்பிய போர், கைப்பற்றும் போராக மாறிவிட்டது என்று அவர் அதில் தெரிவித்தார். நிறுத்தும் ஆற்றல் உடையவர்கள் வேண்டுமென்றே அதை நீட்டிப்பதாகக் குற்றம் சாட்டினார். போர் நடத்தப்படும் முறையைத் தாம் எதிர்க்கவில்லை என்றும், வீரர்கள் எந்த அரசியல் தவறுகளுக்காகப் பலியிடப்படுகிறார்களோ அவற்றையே எதிர்ப்பதாகவும் விளக்கினார். வீட்டில் இருப்போரின் உணர்வற்ற மனநிறைவைக் கலைக்க இது உதவக்கூடும் என்னும் நம்பிக்கையோடு அறிக்கையை முடித்தார். தாம் செய்வது படைச்சட்டத்தை அறிந்தே மீறும் செயல் என்பதையும் அவர் மறைக்கவில்லை. மெர்சி ஆறு கடலில் கலக்குமிடத்தில் தம் பதக்கத்தின் நாடாவை நீரில் எறிந்தார். பதக்கம் அவரிடமே தங்கிவிட்டது.

படைநீதிமன்றத்தில் நிறுத்தப்படுவோம் என்பதே சசூனின் எதிர்பார்ப்பு. அவ்விசாரணையின் வழியே நாடு முழுவதும் தம் கேள்வியைக் கேட்கும் என்று எண்ணினார். நண்பர் கிரேவ்ஸ் இதனைப் பேரிடராகக் கண்டார். அவர் விரைந்து வந்து, படைநீதிமன்ற விசாரணை ஒருபோதும் நடவாது என்றும், மறுத்தால் போர் முடியும்வரை மனநோய் விடுதியில் அடைத்துவிடுவார்கள் என்றும் உறுதியாகக் கூறினார். அதற்கு அவரிடம் ஆதாரம் ஏதும் இல்லை. நண்பரைக் காக்கக் கருதிச் சொன்னது. சசூன் அதனை நம்பி மருத்துவக் குழுவின் முன் செல்ல இசைந்தார். கிரேவ்ஸ் சான்று கூறினார். சசூன் நரம்புத் தளர்ச்சியுற்றவர் என்று குழு முடிவு செய்தது.

1917 ஜூலை 30-ஆம் நாள் லீஸ்-ஸ்மித் என்னும் உறுப்பினர் அறிக்கையை நாடாளுமன்றத்தில் படித்தார். அதை எழுதியவர் உடல்நலம் குன்றியவர் என்பதே அரசு தரப்பில் கூறப்பட்ட விடை. மறுநாள் 31-ஆம் தேதி அது தி டைம்ஸ் நாளிதழில் வெளிவந்தது. அதே 31-ஆம் தேதியன்றுதான் பாசெண்டேல் என்று வரலாற்றில் பெயர்பெற்ற பெரும்போர் பெல்ஜியத்துச் சேற்றில் தொடங்கியது. உண்மையைப் பொய்யென்று மறுக்க எவரும் முன்வரவில்லை. அதை நோய் என்று பெயரிட்டு ஒதுக்கினர். எழுதுவோர் எந்நாட்டிலும் எதிர்நோக்கவேண்டிய தண்டனைகளுள் இது நுட்பமானது.

நீலகிரி கண்ட மருத்துவர்

எடின்பரோவை அடுத்த கிரெய்க்லாக்கார்ட் படை மருத்துவமனைக்குச் சசூன் அனுப்பப்பட்டார். போரின் அதிர்ச்சியால் உறக்கமும் பேச்சும் இழந்த அதிகாரிகள் அங்கே நிறைந்திருந்தனர். அவரைக் கவனிக்கும் பொறுப்பு மருத்துவர் ரிவர்சிடம் ஒப்படைக்கப்பட்டது.

இந்த ரிவர்ஸ் நம் மண்ணோடு தொடர்புடையவர். மானிடவியல் அறிஞராகவும் விளங்கிய அவர், 1901, 1902 ஆண்டுகளில் நீலகிரியில் தங்கித் தோடர்களின் உறவுமுறை, எருமைப் பால்மனைச் சடங்குகள், இறுதிச் சடங்குகள் ஆகியவற்றைப் பொறுமையோடு கேட்டுப் பதிவு செய்தார். தோடர்கள் என்னும் பெயரில் 1906-இல் வெளிவந்த அவருடைய நூல் மானிடவியலில் முன்னோடியான ஆய்வுகளுள் ஒன்று. பிறர் சொல்வதை இடைமறியாது கேட்கும் பழக்கம் நீலகிரியில் அவருக்குப் பயன்பட்டது; கிரெய்க்லாக்கார்ட்டிலும் பயன்பட்டது. கொடுமைகளை மறந்துவிடுமாறு வீரர்களுக்கு மற்றவர்கள் அறிவுரை கூறிய காலத்தில், மறக்க முயல்வதே நோயை வளர்க்கிறது என்று அவர் கருதினார். நினைவை எதிர்கொண்டு, சொல்லில் கொண்டுவந்து, அதனோடு வாழப் பழகவேண்டும் என்பது அவருடைய முறை. கவிஞருக்கு இதைவிட உகந்த மருத்துவம் வேறில்லை.

ரிவர்ஸ் சசூனிடம் மனநோய் எதையும் காணவில்லை. அறிவுத் தெளிவோடு தம் நிலையை விளக்கக்கூடிய ஒருவரையே கண்டார். ஆயினும் படைமருத்துவர் என்ற முறையில், நோயாளியைப் போருக்குத் திரும்ப அனுப்புவதே அவருடைய கடமை. இருவரும் பல மாலைகள் பேசினர். ஒருவரை ஒருவர் வெல்ல முயலாமல், ஒருவரின் நேர்மையை மற்றவர் மதித்து நடந்த உரையாடல்கள் அவை. தந்தையை இளமையிலேயே இழந்த சசூனுக்கு ரிவர்ஸ் தந்தையின் இடத்தில் நின்றார். 1922-இல் ரிவர்ஸ் மறைந்தபோது சசூன் அடைந்த துயரம் நெடுங்காலம் ஆறவில்லை. பின்னாளில் புனைபெயர்களோடு எழுதிய நினைவு நூல்களில் நண்பர் கிரேவ்சுக்கும் தமக்கும்கூட வேறு பெயர் இட்டவர், ரிவர்சுக்கு மட்டும் அவருடைய உண்மைப் பெயரையே விட்டுவைத்தார்.

ஓவனைக் கண்டெடுத்தல்

அம்மருத்துவமனையில் 1917 ஆகஸ்டில் ஒருநாள், சசூனின் கவிதை நூல் படிகளைக் கையில் ஏந்தி, கையெழுத்துக் கேட்டு இளம் அதிகாரி ஒருவர் தயங்கித் தயங்கி அறைக்குள் வந்தார். அவர்தாம் வில்பிரெட் ஓவன். அப்போது அவருக்கு வயது 24. தாமும் கவிதை எழுதுவதாகக் கூச்சத்தோடு தெரிவித்தார்.

சசூன் அவருடைய கவிதைகளை வரிவரியாகப் படித்துத் திருத்தம் சொன்னார். இறக்கவிருக்கும் இளைஞர்களுக்கான இரங்கற்பாவாக ஓவன் எழுதிய புகழ்பெற்ற கவிதையின் கையெழுத்துப் படியில் சசூனின் கைப்பட்ட திருத்தங்களை இன்றும் காணலாம். அதன் தலைப்பிலும் அவர் கை உண்டு. கண்டதையே எழுது என்பதுதான் அவர் ஓவனுக்குக் காட்டிய வழி. தம்மைவிட ஓவன் பெரிய கவிஞராக உயர்ந்தார் என்பதைப் பின்னர் உலகம் கூறியபோது சசூன் அழுக்காறு கொள்ளவில்லை. 1918 நவம்பர் 4-ஆம் நாள், போர் முடிய ஒரு வாரமே இருந்தபோது, ஓவன் பிரான்சில் கால்வாய்க் கரையொன்றில் மாண்டார். அவர் இறந்த செய்தி அவருடைய தாயை எட்டியது நவம்பர் 11-இல்; போர் முடிந்ததை ஊர் கொண்டாடிய அதே நாள். வாழ்நாளில் விரல்விட்டு எண்ணத்தக்க கவிதைகளையே வெளியிட்டிருந்த ஓவனின் தொகுதி, சசூனின் முன்னுரையோடு 1920-இல் வெளிவந்தது. களத்தில் கிடந்தவரை மீட்ட அதே கை, மறைந்தவரின் கவிதையையும் மீட்டது.

மீண்டும் களத்துக்கு

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். 1917 நவம்பரில் சசூன் தாமே முன்வந்து களப்பணிக்குத் திரும்ப இசைந்தார். அறிக்கையின் ஒரு சொல்லையும் அவர் திரும்பப் பெறவில்லை. பின் ஏன் சென்றார்?

கிரெய்க்லாக்கார்ட்டின் வசதியான அறையில் அவர் உறங்க முயன்ற இரவுகளில், பாசெண்டேல் சேற்றில் தம் வீரர்கள் மடிந்துகொண்டிருந்தனர். தம் எதிர்ப்பு ஒருவரையேனும் காக்கவில்லை. தம்மை மட்டும் காத்தது. இந்த எண்ணம் அவரை உறுத்தியது. அவருடைய எதிர்ப்பு தோன்றியது கொள்கை நூல்களிலிருந்து அன்று. தம் பொறுப்பில் இருந்த மனிதர்கள்மீது கொண்ட அன்பிலிருந்து. அவ்வன்பே ஜூலையில் அவரைப் போரை மறுக்கச் செய்தது. நவம்பரில் அவர்களிடம் திரும்பிச் செல்லவும் செய்தது. இவ்விரு செயலுக்கும் வேர் ஒன்றே. இதனைத் தோல்வி என்று கூறுவோர் உளர். அறிக்கை பயனற்றுப் போயிற்று என்ற அளவில் அது தோல்விதான். ஆனால் அரசுக்கு எதிராகப் பேசும் உரிமையைத் தம் வீரர்களின் துன்பத்தில் பங்குகொண்டு அவர் பெற்றிருந்தார். அப்பங்கைக் கைவிட்டபின் அவ்வுரிமையை வைத்துக்கொள்ள அவர் மனம் ஒப்பவில்லை.

அயர்லாந்திலும், பின்னர் பாலஸ்தீனத்திலும் பணியாற்றிவிட்டு, 1918 மே மாதம் பிரான்சு போர்முனைக்குத் திரும்பினார். ஜூலை 13-ஆம் நாள், இரு தரப்புக்கும் இடைப்பட்ட நிலத்திலிருந்து அவர் திரும்பி வரும்போது, எதிரி என்று தவறாகக் கருதித் தம் படையைச் சேர்ந்தவரே சுட்டதால் தலையில் காயமுற்றார். உயிர் பிழைத்தார், போர் வாழ்க்கை அத்துடன் முடிந்தது.

சொல்லால் ஆன நடுகல்

போர் முடிந்தபின் 1919-இல் டெய்லி ஹெரால்ட் நாளிதழின் இலக்கியப் பகுதிக்கு ஆசிரியரானார். 1928-இல் ஆசிரியர் பெயரின்றி வெளியான நரி வேட்டைக்காரர் ஒருவரின் நினைவுகள் என்னும் உரைநடை நூல் அவருக்குப் பெரும்புகழ் தந்தது. ஹாதார்ன்டன் பரிசும் ஜேம்ஸ் டெயிட் பிளாக் பரிசும் பெற்றது. அதனைத் தொடர்ந்து 1930-லும் 1936-லும் மேலும் இரு பகுதிகள் வெளிவந்தன. இம்மூன்றிலும் வரும் ஜார்ஜ் ஷெர்ஸ்டன் என்னும் பாத்திரம் சசூனே. ஒன்றில் மட்டும் வேறுபாடு உண்டு. ஷெர்ஸ்டன் கவிஞர் அல்லர். தம் வாழ்விலிருந்து கவிதையை நீக்கிவிட்டு எஞ்சிய மனிதரை அவர் எழுதிக் காட்டினார். பின்னர் வந்த மூன்று தன்வரலாற்று நூல்களில்தாம் கவிஞரும் ஓவனும் இடம்பெறுகின்றனர்.

1927-இல் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் மெனின் வாயில் என்னும் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. உடல் கிடைக்காது போன 54,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. இந்தியப் படைவீரர்களின் பெயர்களும் அவற்றுள் உண்டு. அதனைக் கண்டு சினந்து சசூன் ஒரு கவிதை எழுதினார். நம் முன்னோர் வீழ்ந்த வீரனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, பெயரும் பீடும் எழுதி நட்டனர். அக்கல் ஊரார் அறிந்த ஒருவனுக்காக நின்றது. ஆயிரக்கணக்கான பெயர்களை அழகிய சுவரில் அடுக்கிவிட்டால் அவர்களை அனுப்பியவர்களின் கடன் தீர்ந்துவிடுமா என்பதே சசூனின் கேள்வி. அவர் நட்ட கற்கள் கவிதைகளே. அவற்றில் ஒவ்வொரு வீரனும் தனித்த முகத்தோடு நிற்கிறான்.

இறுதி ஆண்டுகள்

ஆடவர்பால் அவர் கொண்ட காதல் அந்நாளைய ஆங்கிலச் சட்டப்படி குற்றம். எனவே தம் உள்வாழ்வின் பெரும்பகுதியை அவர் நாட்குறிப்புகளில் மட்டுமே எழுதிவைக்க நேர்ந்தது. 1933-இல் ஹெஸ்டர் காட்டி அம்மையாரை மணந்து, வில்ட்சயரில் ஹெய்ட்ஸ்பரி இல்லத்தில் குடியேறினார். 1936-இல் பிறந்த மகன் ஜார்ஜின்மீது பேரன்பு கொண்டிருந்தார். மணவாழ்வு நிலைக்கவில்லை, 1945-இல் இருவரும் பிரிந்தனர். தந்தையால் கைவிடப்பட்ட பிள்ளையாக வளர்ந்தவர், தனித்த பெரிய இல்லத்தில் முதுமையைக் கழித்தார்.

1951-இல் அரசு அவருக்குப் பட்டம் அளித்தது. 1957-இல் கவிதைக்கான அரசியின் பொற்பதக்கமும் கிடைத்தது. அதே ஆண்டில் அவர் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார். இக்காலக் கவிதைகள் அமைதியும் வேண்டுதலும் நிறைந்தவை. உலகம் அவற்றைப் பெரிதும் பொருட்படுத்தாமல், இளமையில் எழுதிய போர்க்கவிதைகளையே கேட்டுக்கொண்டிருந்தது. ஆண்களின் காதலைக் குற்றமாக்கிய சட்டம் 1967 ஜூலை இறுதியில் தளர்த்தப்பட்டது. செப்டம்பர் 1-ஆம் நாள், 81 வயது நிறைய ஒரு வாரம் இருந்தபோது, சசூன் காலமானார். சாமர்செட்டில் மெல்ஸ் என்னும் சிற்றூரின் ஆலய முற்றத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

1985 நவம்பர் 11-ஆம் நாள் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் புலவர் மூலையில் முதல் உலகப் போர்க் கவிஞர் 16 பேரின் பெயர் பொறித்த கல் பதிக்கப்பட்டது. சசூன், ஓவன், கிரேவ்ஸ் மூவர் பெயரும் அதில் உள்ளன. கிரெய்க்லாக்கார்ட் நாள்களை அடிப்படையாகக் கொண்டு பாட் பார்க்கர் எழுதிய நாவல் 1991-இல் வெளிவந்து, புதிய தலைமுறைக்குச் சசூனையும் ரிவர்சையும் அறிமுகம் செய்தது. 2007-இல், குடும்பத்தாரின் வீட்டு மச்சில் கிடந்த மிலிட்டரி கிராஸ் பதக்கம் கண்டெடுக்கப்பட்டது. 2009-இல் அவருடைய நாட்குறிப்புகளையும் கையெழுத்துப் படிகளையும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகம் விலைகொடுத்து வாங்கியது. பட்டம் பெறாமல் அவர் விட்டுச்சென்ற பல்கலைக்கழகம், பதுங்குகுழியின் சேறு படிந்த அந்த ஏடுகளை இன்று பேணிக் காக்கிறது.

சசூனின் அறிக்கை போரை ஒரு நாளேனும் குறைக்கவில்லை. அவர் கவிதைகளும் ஒரு குண்டையேனும் தடுக்கவில்லை. கோவூர் கிழாரின் சொல்லுக்குச் செவிசாய்க்க வேந்தர்கள் இருந்தனர். சசூனுக்கு அத்தகைய செவி வாய்க்கவில்லை. எனினும் அப்போரை இனிமையாக நினைக்கும் வாய்ப்பைப் பின்வந்தோரிடமிருந்து அவர் பறித்துவிட்டார். போரைப் பற்றிப் பேசும்போது தளபதிகளின் வெற்றி அறிக்கைகளை ஒதுக்கி, வீரனின் நடுங்கும் கையை உலகம் எண்ணுகிறது என்றால் அதில் அவருக்கும் ஓவனுக்கும் பெரும்பங்கு உண்டு.

கவிதை எழுதும் நாம் ஒவ்வொருவரும் பிறர் துன்பத்தைப் பாடத் துணிகிறோம். அத்துன்பத்தில் நமக்குள்ள பங்கு எவ்வளவு, சொன்ன சொல்லுக்கு நாம் கொடுக்கச் சித்தமான விலை எவ்வளவு என்பதைச் சசூனின் வாழ்வு அமைதியாகக் கேட்கிறது. அக்கேள்வியை நம் வட்டத்தின் அடுத்த பத்தாண்டுகளுக்குக் கொண்டுசெல்வதே அப்பெருமகனுக்கு நாம் நடும் கல்லாகும்.